பைல் கமக்காரர்

தலைமன்னாரில் மீன்பிடிக்காரரைத் தேடி அலையத் தேவையில்லை. கமக்காரரைத்தான் தேட வேண்டும். மணலும் பனையும் காற்றும் கழுதையுமாய்க் கிடக்கிற தீவில் நெல்லுக்கு ஏது இடம்? ஆனாலும் எங்கள் அண்ணை கமக்காரர்தான். பாலம் கடந்து போனால், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் இரண்டு ஏக்கர், மாமனார் சீதனமாய்க் கொடுத்தது. உழுவது, விதைப்பது, பன்றி விரட்டுவது எல்லாம் குத்தகைக்காரத் தம்பி. அண்ணை வளர்ப்பது பைல்.

50 கிலோ உரப்பை 350 ரூபாவுக்கு வந்த காலத்துத் துண்டுகூட அதில் பத்திரம். 2016இல் உரத்துக்குப் பதில் காசு, ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபா என்றார்கள். அண்ணைக்கு அரசாங்கத்தின் மேல் மரியாதை கூடிவிட்டது. "இனிப் பை தூக்கி இடுப்பு நோகத் தேவையில்லை." முன்பும் அவர் தூக்கியதில்லை.

அண்ணையின் இலக்கணம் தனி. குளம் வற்றினால் தம்பியிடம், "உன்ர பயிர் என்னடா இப்பிடி?" நட்டஈட்டுப் பட்டியல் வந்தால் கமநல சேவை நிலையத்தில், "என்ர பயிர் போச்சுது ஐயா!" கூட்டத்துக்குப் போகுமுன் போனில் மட்டும் பன்மை: "இந்த முறை என்ன நெல்லு விதைச்சனாங்கள்?"

குறை சொல்லவும் முடியாது. பட்டியல் பெயரைத்தான் கேட்கிறது, காலில் சேறு இருக்கிறதா என்று கேட்பதில்லை.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. தம்பியின் நெல் மஞ்சளாய் நின்றது. அண்ணை கலங்கவில்லை.

"எங்கட தீவிலை கழுதைக்குப் பஞ்சமே? விட்டையை அள்ளிப் போடு."

"பாலம் தாண்டி ஆர் ஏத்திக்கொண்டு வாறது, அண்ணை?"

"அதுக்கும் மானியம் வரும்."

நவம்பரில் தடையை எடுத்தார்கள். "நான் அப்பவே சொன்னனான்" என்றார். என்ன சொன்னார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

2024 பெரும்போகத்தில் உரக்காசை ஹெக்டேயருக்கு 15,000இலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தினார்கள். அந்தச் செய்தி கேட்டுத் தம்பி முதல்முறையாகத் தலைமன்னாருக்கே வந்துவிட்டான். "விதைக்கிறவன் நான்தானே அண்ணை, இந்தமுறை என்ர பேரைப் போடுங்கோவன்."

அண்ணை கோபிக்கவில்லை. பொரித்த மீனோடு சோறு போட்டார், தேத்தண்ணி கொடுத்தார். பிறகு பைலை விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

"நல்லவேளை வந்தாய். எங்கட வயலுக்குக் கிழக்கு எல்லை ஆற்றை காணி? போமிலை அந்த இடம் மட்டும் வெறுமையாக் கிடக்கு."