ஜோடிக்கு இவ்வளவு, பிரிச்சுக்குங்க

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் கொதித்தது. விலை பேசி, சாம்பிளுக்குத் தலையாட்டிய பையரே ‘ஹோல்டு பண்ணுங்க’ என்றார். நியாயமான கொதிப்பு. ஆனால் சரியாக ஒரு வாரம் முன்பு, அதே அமெரிக்காவில், வேறொரு பீஸ் ரேட் கூட்டத்தின் ஆர்டரும் கேன்சலானது. டென்னிஸில் இரட்டையர் ஆட்டம் ஆடிப் பிழைப்பவர்கள் அவர்கள். அவர்கள் போடும் மாதிரி டி-ஷர்ட் தைத்தே வாழும் இந்த ஊரில், அதற்காக ஒரு டீக்கடையில்கூடப் பேச்சில்லை.

நடந்தது இதுதான். யுஎஸ் ஓப்பன் கலப்பு இரட்டையர் ஆட்டத்தை, போட்டி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் இரண்டே நாளில் முடிக்கும் திருவிழாவாக மாற்றினார்கள். 16 ஜோடி. அதில் எட்டு ஜோடிக்குத் தகுதி, ஒற்றையர் தரவரிசை! சமையல் போட்டிக்கு ஆள் எடுக்க, சாப்பிடுகிற வேகத்தை அளந்தார்கள். மீதி எட்டு ஜோடி, அமைப்பாளர் மனசு வைத்தால். இறுதி ஆட்டம் தவிர, ஆறு கேம் செட் நாலு கேம் ஆனது. முந்தைய ஆண்டு ஜெயித்த ஜோடிக்கு 2 லட்சம் டாலர். 2025-இல் 10 லட்சம். ஆளை மாற்றிய பிறகுதான் கூலியை ஏற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நம்மூர் முதலாளிமாருக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

இத்தனைக்கும் கோப்பையை எடுத்தது யார்? முந்தைய ஆண்டும் ஜெயித்திருந்த இத்தாலியின் சாரா எரானி, ஆண்ட்ரியா வவசோரி. இரட்டையர் ஆட்டமே தொழிலாகக் கொண்டவர்கள். சாம்பியன்களான அவர்களே வைல்டு கார்டில், அதாவது தயவில், உள்ளே வந்தார்கள். ஒற்றையர் நட்சத்திரங்களை ஒவ்வொருவராக அனுப்பிவைத்துவிட்டு, இறுதியில் ஸ்வியாடெக்கையும் ரூடையும் தோற்கடித்தார்கள். தொழில் தெரிந்தவனைத் தொழிலை விட்டுத் துரத்தினால் இப்படித்தான் மானம் போகும். போனவர்களுக்குத்தான் அது உறைக்கவில்லை.

இனி கூலிக் கணக்கு. 2025 விம்பிள்டனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்று வீட்டுக்குப் போனால் 66,000 பவுண்டு. இரட்டையரில் தோற்றால் 16,500. அதுவும் ஜோடிக்கு! பிரித்தால் ஆளுக்கு 8,250. எட்டில் ஒரு பங்கு. இரட்டையர் ஆட்டக்காரர் என்று சொன்னால் விமானக் கம்பெனி எட்டில் ஒரு பங்குக்கு டிக்கெட் தருகிறதா? ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவர் பாதி ராக்கெட்டுக்குக் கட்டிப் பாதிக் காசு வாங்குகிறாரா? ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி 2024-இல் ‘பேஸ்லைன்’ என்று குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர் உறுதி, 250-ஆவது ஆளுக்கும் 75,000 உறுதி. ஒற்றையருக்கு மட்டும். இரட்டையருக்கு? எட்டு மணி நேர ஷிப்டு முடிந்தது, ஓவர்டைம் பாருங்க, கணக்கு அப்புறம் பேசிக்கலாம்.

பக்கத்து ஊர் கோயம்புத்தூர்க்காரர் ஸ்ரீராம் பாலாஜியும் இரட்டையர் ஆட்டக்காரர்தான். 1990-இல் பிறந்தவர். 2024 பிரெஞ்சு ஓப்பனில் மெக்சிகோவின் ரேயஸ்-வரேலாவோடு மூன்றாம் சுற்று வரை போனார். எதிரே ரோகன் போபண்ணாவும் மேத்யூ எப்டனும். அந்த ஜனவரியில்தான் ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயித்து 43 வயதில் உலகின் முதலிடத்தைப் பிடித்திருந்தவர் போபண்ணா. மூன்றாவது செட் டைபிரேக் 10-8 வரை இழுத்தது; பாலாஜி ஜோடி தோற்றது. அந்தத் தோல்விதான் அவருக்கு இன்டர்வியூ: பாரிஸ் ஒலிம்பிக்குக்கு போபண்ணா துணையாகக் கேட்டது அவரைத்தான். அங்கே முதல் சுற்றில் பிரெஞ்சு ஜோடியில் ஒருவருக்குக் காயம். பதிலுக்கு வந்தவர் கேல் மோன்ஃபீஸ், ஒற்றையர் நட்சத்திரம், ஊர்க்காரர் வேறு. அரங்கமே அவர் பக்கம். 5-7, 2-6. பாலாஜி என்ற பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டவர்கள் எல்லாம் ‘முதல் ரவுண்டுலயேவா?’ என்று உச்சுக்கொட்டினார்கள். அவர் இரண்டாம் நிலை சேலஞ்சர் போட்டிகளுக்காக ஊர் ஊராக அலைந்த ஆண்டுகளில் இந்த உச்சுக்கொட்டும் வாய்கள் எல்லாம் ஐபிஎல் ஏலத்தில் பிஸி.

ஜெயித்தால் மட்டும் என்ன? 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் ஏடிபி பட்டம் வென்றார்கள். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். நம்மூரில் எந்த முக்கில் அவர்களுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம்? வார்டு செயலாளர் பேத்திக்குக் காது குத்து என்றால் நாலு ரோட்டையும் மறைக்கிற ஊர் இது. சென்னையில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏடிபி போட்டி புனேவுக்குப் போயிற்று. 2024-இல் அந்த இடத்துக்கு ஹாங்காங் வந்துவிட்டது. ஆர்டர் பங்களாதேசுக்குப் போகிறது என்று மாதம் ஒரு மீட்டிங் போடுகிறோமே, இதற்கு எந்த மண்டபத்தில் மீட்டிங் போட்டோம்?

செக்கிங் டேபிளுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு அக்கா டென்னிஸ் டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டு, கக்கத்துத் தையலில் பிசிறு வெட்டி, காலரை ஒருதரம் இழுத்துப் பார்த்து, அயர்னிங்குக்குத் தள்ளுவார். கடைசியில் யூரோவில் விலை அட்டை தொங்கும். அந்த ஒரு சட்டையின் விலை, பல சமயம் அவருடைய வாரச் சம்பளத்தைத் தாண்டும். அதே மாதிரி சட்டையைப் போட்டு ஆடும் நம் பையன், அடுத்த வாரப் போட்டிக்கு யார் ஜோடி என்று ஏதோ ஒரு ஏர்போர்ட்டில் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டிருப்பான். ஜோடிக்கு முட்டி வலி என்றால் டிக்கெட் காசு தண்டம்.

முதலாளிமாரே, நடிகருக்கு வேட்டி கட்டி, பனியன் போட்டு நாலு அடி நடக்கவைக்க எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஊருக்குத் தெரியும். இந்தப் பையன்களுக்கு ஒரு வருடத்து விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கக் கேட்டுப் பாருங்கள். “டபுள்ஸுங்களா? சிங்கிள்ஸ் ஆடற பையன் யாராச்சும் இருந்தா சொல்லுங்க” என்பீர்கள். பிறகு என்றைக்காவது அவன் பெரிய கோப்பை எடுத்தால் முதல் வரிசையில் நின்று பொன்னாடை போர்த்துவீர்கள். பருத்திப் பனியனுக்கே பேர்போன ஊர் போர்த்துகிற அந்தப் பொன்னாடையும் பாலியஸ்டர்.