எடைக்குத் தக்க சட்டம்

இருமல் மருந்து வாங்கிக்கொண்டு கடையிலிருந்து இறங்குவதற்குள் ஸ்கூட்டியைக் காணோம்.

"இப்பத்தான் தூக்கிட்டுப் போறாங்க தம்பி. நாலு பசங்க, டக்குனு லாரியில ஏத்திட்டாங்க" என்றார் பூக்கார அம்மா.

"போலீஸ் யாராவது இருந்தாங்களாம்மா?"

"நான் பார்க்கல. மஞ்ச பனியன் போட்ட பையன்தான் அதட்டிக்கிட்டு இருந்தான். முதுகுல ஏழாம் நம்பரு."

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியையும், நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் அப்புறப்படுத்தலாம். ஆனால் அதற்கு அனுமதி தரவேண்டியவர், அந்த எல்லைக்குரிய, சீருடையிலிருக்கும் போலீஸ் அதிகாரி. சென்னை அணியின் பனியனும் சீருடைதான் என்று யாராவது வாதாடினால், இந்த ஊரில் மறுப்பது கஷ்டம்.

தடைப் பலகை? இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தலைவரின் பிறந்தநாள் பேனருக்குப் பின்னால், அவர் காதுமடலை ஒட்டி, கால்வட்டம் தெரிந்தது. பேனர் அங்கே எத்தனை நாள் நின்றாலும் தூக்க லாரி வராது.

பத்தடி தள்ளி, கொடி கட்டிய வெள்ளை இன்னோவா. இரண்டு சக்கரம் நடைபாதையில், உள்ளே ஏசி, டிரைவர் தூக்கம். நடைபாதையில் வண்டி நிறுத்தக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். அதைத் தூக்க நாலு பையன்கள் போதுமா? நம் ஊரில் குற்றத்தைத் தராசில்தான் நிறுக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் கிலோ என்றால் குற்றவாளி. ஒன்றரை டன்னுக்கு மேல் போனால் பிரமுகர்.

ஸ்டேஷனில் அபராதம் கட்டினேன். தூக்கிய கூலியும் என் தலையில்தான். அதையும் சட்டம் மறக்காமல் எழுதியிருக்கிறது. உடைந்த கண்ணாடியைக் காட்டினேன். "உங்களை யாரு சார் அங்க நிறுத்தச் சொன்னது?" என்றார்கள்.

வெளியே வந்தால், ஸ்டேஷன் வாசலில் பாதிச் சாலையை அடைத்து ஒரு வாகனக் கல்லறை. சக்கரமில்லாத ஆட்டோ, கருகிய வேன், என்ஜினைத் துளைத்து எருக்கஞ்செடி பூத்த அம்பாசடர். எருக்கு அந்த உயரம் வளர 10 மணி நேரம் போதாது. எரிந்த, நொறுங்கிய, பாதி கழற்றிய வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் உடனே அகற்றலாம் என்கிறது அதே 127-இன் இரண்டாம் உட்பிரிவு.

ஐயா, லாரியை முதலில் உங்கள் வாசலுக்கு விடுங்கள்.