வரன் பார்க்கும் கணக்கர்

வீட்டு வரவு செலவையும் முதலீடுகளையும் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்ற சத்சங்கல்பம் உதித்த நாள் முதலாக, எழுதுவதற்கேற்ற மென்பொருளைத் தேடுவதிலேயே காலத்தைப் போக்கி, ஒரு மாதக் கணக்கையேனும் எழுதி முடித்தறியாத பிரகிருதிகளை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். மாம்பலத்து நண்பர் ஒருவர் அந்த வர்க்கத்தின் உத்தமப் பிரதிநிதி.

பெண்ணைப் பெற்றவர் வரன் பார்ப்பது போலத்தான் அவர் மென்பொருள் பார்ப்பார். முதலில் ஆயுள் ஸ்தானம். மைக்ரோசாஃப்டின் ‘மணி’ பெரிய இடத்துப் பிள்ளையாயிருந்தும் 2009-இல் விற்பனை நின்று போனதையும், 2007-இல் பிறந்த ‘மின்ட்’, லட்சக்கணக்கான அமெரிக்கர்களின் கணக்கைச் சுமந்துவிட்டு 2024 மார்ச்சில் கண்ணை மூடியதையும் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். 1983 முதல் ஜீவித்திருக்கும் ‘குவிக்கன்’ தீர்க்காயுள் ஜாதகந்தான். ஆயினும் அந்நிய தேசத்து வங்கிகளோடு மட்டும் சம்பந்தம் கொண்டாடும் பிள்ளைக்கு மாம்பலத்துச் சேமிப்புக் கணக்கை எப்படிக் கொடுப்பது? அடுத்தது வித்தை. வெவ்வேறு தேதிகளில் கட்டிய மியூச்சுவல் ஃபண்டு தவணைகளுக்கு, தேதியையும் கணக்கில் கொண்டு ஆண்டு வருமானம் சொல்லும் ‘எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.’ தெரியாத வரன்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்.

கடைசியில், வரதட்சிணை கேளாத, அதாவது இலவசமாகவே கிடைக்கிற ‘க்னூகேஷ்’ வாய்த்தது. பாசியோலி என்னும் துறவி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறையே அதன் கோத்திரமாதலால், ‘எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.’ வித்தை தெரியாத குறையை நண்பர் பொறுத்துக்கொண்டார். அம்முறைப்படி எந்தத் தொகையும் ஒரு கணக்கிலிருந்து புறப்பட்டு இன்னொரு கணக்கில் போய்ச் சேர வேண்டும். சேருமிடம் சொல்லாத தொகையை அது ‘இம்பேலன்ஸ்’ என்ற கணக்கில் தானே போட்டு வைக்கும்.

முதல் நாள் இரவு பால், மின்சாரம், காப்பிப் பொடி யாவும் சேருமிடம் சேர்ந்தன. பிறகு, மைத்துனருக்குக் கொடுத்த 40,000 ரூபாய் குறுக்கிட்டது. நண்பர் ‘செலவு’ என்று பதிந்தார். காப்பி கொண்டு வந்த அவர் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, “ஏங்க, என் தம்பிகிட்ட இருக்கிற பணம் செலவா? வரவேண்டிய பணம் இல்லையா?” என்றார். நண்பர் ‘சொத்து’ என்று மாற்றினார். நிகர மதிப்பு உயர்ந்தது, மனச்சாட்சி உறுத்தியது. அம்மையார் உள்ளே போனதும் மறுபடி ‘செலவு’ என்றார். அடுக்களையில் பாத்திரம் உருண்டது. காப்பி ஆறி ஏடு கட்டிய பின்னர், இரண்டு தலைப்பையும் அழித்துவிட்டுப் படுக்கப் போனார். அந்த 40,000 ‘இம்பேலன்ஸ்’ கணக்கில் போய் அமர்ந்தது.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, “இந்த மென்பொருள் நம் குடும்பத்துக்கு ஒத்துவராது சார், நல்லதாக வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

கணக்கை எழுதும் மென்பொருளுக்கு உலகில் குறைவில்லை; எழுதக் கூசும் அந்த ஒரு வரியைத் தானே எழுதிவிடுகிற மென்பொருளை எவரும் செய்யவில்லை. அவர் இன்னும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைத்துனரிடமிருந்தும் பணம் வரவில்லை.