முன்னூறு நாள் லீவும் ஒரு மலையும்

ஸ்டாச்சு ஜங்ஷனில் நின்று "சாரே" என்று ஒரு குரல் கொடுத்தால் தலைமைச் செயலகத்தில் பாதி ஜன்னல் திறக்கும். திருவனந்தபுரம் அப்படிப்பட்ட ஊர். கரமனையில் எங்கள் தெருவிலும் ஒரு சார் இருக்கிறார். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். ஊரில் மற்ற சார்களை வேலை பார்க்கும் துறையைச் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். இவரை மட்டும் இமயமலை சார் என்பார்கள். இமயமலையை இவர் இதுவரை பார்த்ததில்லை.

ரிட்டயர் ஆனதும் போவார். கேரள அரசில் பழைய பென்ஷன் திட்டக்காரர்களுக்கு ஓய்வு வயது 56. ஓய்வு நாள் பெரும்பாலும் மே 31. பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்காத காலத்தில் ஜூன் 1-ல் பள்ளிக்கூடம் திறக்கும்போது, சேர வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியாரே மே மாதத்தில் ஒரு பிறந்த நாளைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் புண்ணியத்தில் இன்றைக்கும் ஒரே சாயங்காலம் ஆயிரக்கணக்கானவர்கள் மாலையும் கழுத்துமாக வீடு திரும்புகிறார்கள். மறுநாள் ஜூன் 1, வானிலைத் துறைக் கணக்கில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும் நாள். மலையேறக் காத்திருக்கும் மனுஷனுக்கு வாத்தியார் எழுதிய ஜாதகம் இது.

சாருக்கு அந்த மே 31 வர இன்னும் ஓராண்டும் நாலு மாதமும் பாக்கி. அதுவரை பயணம் ஃபைலில் நடக்கிறது. நிஜமாகவே ஃபைல்தான். இடது ஓரத்தில் ஓட்டை போட்டு, டேக் கட்டி, பக்க எண் போட்டது. முதல் பக்கத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம், 5,364 மீட்டர். சிகரத்தின் உயரம் 8,848 மீட்டர் என்று யாராவது சொல்லிவிட்டால் போயிற்று. "அந்த 86 சென்டிமீட்டர் எங்க ஓய்?" என்பார். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த புதுக் கணக்கு அது. முப்பது வருஷம் பில் பாஸ் பண்ணிய கை, மலையிலும் பைசாவை விடாது.

பயிற்சியும் உண்டு. தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். படி கிடையாது. செங்கல் கோபுரத்துக்குள் தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகும். சனிக்கிழமைதோறும் சார் அதில் ஏறுகிறார். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டுமாம். வழியில் இரண்டு முகாம். முதல் முகாமில் பீட்ரூட் மசாலா தோசை, இரண்டாவதில் கட்லெட். உச்சியில் காபி. இறங்குவதில் பிரச்சினை இல்லை, சரிவு தானே கொண்டுவந்து விட்டுவிடும்.

கருவிகளும் வாங்கிவிட்டார். மைனஸ் பத்து டிகிரி தாங்கும் ஜாக்கெட்டை ஏசியை 16-ல் வைத்துப் போட்டுப் பார்த்ததில் நாலாவது நிமிஷம் சட்டை நனைந்துவிட்டது. தூங்கு பைக்குள் போன மழைக்காலத்தில் பூசணம் பிடித்தது. மடக்கு ஊன்றுகோல் ஒன்றுதான் தினமும் வேலை செய்கிறது. காலையில் மியூசியம் வளாகத்துக்கு நடக்கப் போகையில் நாய் விரட்டவும், மாடியில் துணிக்கொடியை எட்டி இழுக்கவும் அதுதான்.

கைலாச யாத்திரை ஃபைலில் தனிப் பகுதி. 70 வயதுவரை போகலாம் என்று படித்ததும் சார் முகம் மலர்ந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு 25-க்குள் இருக்க வேண்டும் என்ற அடுத்த வரியில் வாடிவிட்டது. இமயத்தில் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்தபோது சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார் சிவபெருமான். சார் வடக்கே போனால் அந்தக் கணக்கு மறுபடி கெடும். வெளியுறவுத் துறை இதையெல்லாம் யோசித்துத்தான் விதி போட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த அகத்தியர் வந்து உட்கார்ந்த மலை எங்கே இருக்கிறது? மழை விட்ட காலையில் சார் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே கிழக்கே நீலமாகத் தெரிகிறது. நமக்குப் பொதிகை, இங்கே அகஸ்தியார்கூடம். 1,868 மீட்டர். ஜனவரி, பிப்ரவரியில் வனத்துறை அனுமதி தரும். போணக்காட்டிலிருந்து நடந்தால் முதல் நாள் அதிருமலை முகாம், இரண்டாம் நாள் உச்சி, மூன்றாம் நாள் வீடு. 1850-களில் திருவிதாங்கூர் வானாய்வுக்கூடத்தை நடத்திய ஜான் ஆலன் பிரௌன் அந்த உச்சியில் ஒரு ஆய்வுக்கூடமே கட்டினார். அவரும் அரசு ஊழியர்தான். ஓய்வு பெறும்வரை காத்திருக்கவில்லை.

"ஒரு தடவை போயிட்டு வந்திரலாமே சார்?"

"பக்கத்துல கெடக்கப்பட்ட மலை எங்க ஓய் போயிரும்? இப்ப லீவு கையில 255. முன்னூறு சேத்தா மொத்தமா காசாக்கலாம். பதினோரு நாள் வேலைக்கு ஒரு நாளு, அப்பம் 45 நாளு சேர எத்தன நாளாவும்?"

"495."

"மே முப்பத்தொண்ணுல கரெக்டா வந்து முட்டும். எடையில மூணு நாள உருவுனா?"

கேஷுவல் லீவு இருக்கிறதே என்றேன். அது கல்யாணத்துக்கும் சாவுக்கும் உள்ளதாக்கும் என்றார். அவருடைய செயலகத்திலேயே நிதித்துறையில் வேலை பார்க்கும் ஷேக் ஹசன் கான் 2022-ல் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அதையும் சொல்லிப் பார்த்தேன். சார் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "அந்தப் பையனுக்கு எத்தன லீவு போயிருக்கும்?"

இந்த உரையாடல் நடந்தபோது சாரின் மனைவி, எனக்கு மைனி, கதவோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அகஸ்தியார்கூடத்துக்குப் பெண்களை விடாமல் இருந்தது ஒரு காலம். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறி அந்த வழக்கத்தை முடித்துவைத்தார். முன்பதிவு திறந்த நாளில் மைனியும், கூடப் படித்த மூன்று பேரும் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து இடம் பிடித்துவிட்டார்கள். சாருக்கு மூன்று நாளைக்குத் தோசை மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். ஜாக்கெட் வேண்டாம் என்று ஊன்றுகோலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். காலில் அட்டை கடித்த தழும்பு, முகத்தில் வெயில். கையில் கோல் இல்லை. அதிருமலை முகாமில் சுவரோரம் சாத்தியவர் அப்படியே மறந்துவிட்டாராம்.

"எப்படி இருந்துச்சு மைனி?" என்றேன்.

"காத்து தம்பி," என்றார். "நிக்க முடியல்ல. சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்டோம்."

சார் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் ஃபைலை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதுப் பக்கத்தில் எழுதினார்: 'ஊன்றுகோல் ஒன்று குறைகிறது. பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டும்.'