நாலு பேர், பதினாறு தந்தி

கே: ஆக்லாந்தில் இத்தனை அரங்குகள் இருக்க, நியூசிலாந்து ஸ்டிரிங் குவார்ட்டெட்டைக் கோடை விழாவில் கேட்க நெல்சனுக்கு ஏன் பறக்க வேண்டும்? (சாண்ட்ரிங்ஹாம் வாசகர்)

ப: ஊர் சின்னதுதான், சங்கீதத்தில் மூத்தது. மிகயேல் பாலிங் என்ற ஜெர்மானிய வியோலா கலைஞர் 1894இல் அங்கே இசைப்பள்ளி தொடங்கினார். பிறகு ஐரோப்பா திரும்பி, பைராய்ட்டில் வாக்னரையே நடத்தினார். அந்தப் பள்ளி அரங்கில்தான் ஆடம் சேம்பர் மியூசிக் விழாவின் பெரும்பாலான கச்சேரிகள். 1992இல் தொடங்கியது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். குவார்ட்டெட்டைச் சேர்ந்த ஹெலீன் போல், ஜில்லியன் ஆன்செல் இருவரும் அதன் கலை இயக்குநர்களாக இருந்தவர்கள். டிக்கெட் செலவு கசந்தால் பொறுத்திருங்கள். நம் டவுன்ஹாலிலும் அவர்கள் வாசித்ததுண்டு.

கே: கோடை விழா என்கிறார்கள், நடப்பதோ ஜனவரி, பிப்ரவரியில். சென்னையிலிருந்து வந்த மாமியார் நம்ப மறுக்கிறார்! (மவுண்ட் ராஸ்கில்)

ப: மார்கழி சபாவுக்குக் கொண்டுபோன சால்வையைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். தையில் இங்கே தொப்பியும் சன்ஸ்கிரீனும்தான். சபா கேன்டீன் கிடையாது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லவும்.

கே: கண்டக்டர் இல்லை, மிருதங்கம் இல்லை, தாளம் போடவும் ஆளில்லை. எப்படிச் சேர்ந்து எடுக்கிறார்கள்? (ஓட்டாஹூஹூ)

ப: மூச்சால். முதல் வயலின்காரர் மூக்கால் ஓர் இழுப்பு இழுப்பார். வில் தந்தியைத் தொடுமுன் மற்ற மூவருக்கும் வேகமும் அழுத்தமும் தெரிந்துவிடும். முன்வரிசையில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் உங்களுக்கே கேட்கும். மெட்டு செல்லோவுக்குப் போனால் தலைமையும் அங்கே போய்விடும். பீத்தோவனின் ஓபஸ் 131ஐக் கேட்டுப் பாருங்கள்: ஏழு பகுதிகள், சுமார் நாற்பது நிமிஷம், நடுவே நிறுத்தமே இல்லை. சுருதி இறங்கினால் பிருடையை முறுக்க நேரம் கிடைக்காது. விரலை நகர்த்தித்தான் சமாளிக்க வேண்டும்.

கே: 1987லிருந்து சண்டை போடாமல் எப்படி ஓட்டுகிறார்கள்? (டெவன்போர்ட்)

ப: சண்டை இல்லை என்று யார் சொன்னது? ஒத்திகை என்றாலே வாக்குவாதம்தான். போதாக்குறைக்கு, பல்லாண்டு முதல் வயலின் வாசித்த ஹெலீன் போலும் செல்லோ வாசித்த ரோல்ஃப் யெல்ஸ்டனும் கணவன் மனைவி. மற்ற இருவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள்! ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இருபது வருஷம்போல ஆள் மாறவில்லை.

பாசம் மட்டும் காரணமல்ல. 1991 முதல் வெல்லிங்டனின் விக்டோரியா பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. டிக்கெட் பணத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஒற்றுமை எத்தனை நாள் தாங்கியிருக்குமோ!

கே: நம்மவர்களில் இப்படி உண்டா? (அதே டெவன்போர்ட்காரர்)

ப: உண்டே. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைத்தட்டில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், 1993இல் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கினார். கர்நாடகக் கீர்த்தனைக்கு மேற்கத்திய ஹார்மனி. சொல்ல எளிது. மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் இல்லை. ஹார்மனியின் மூன்று முக்கிய கார்டுகளில் ஒன்றுக்கு மத்யமம் வேண்டும், இன்னொன்றுக்கு நிஷாதம் வேண்டும். போட்டால் ராகம் கெட்டது, விட்டால் கார்டு கெட்டது. அந்த இடுக்கில்தான் அவருடைய சாமர்த்தியம்.

கே: நடுவில் கைதட்டினால் முறைப்பார்களாமே?

ப: மேடையில் இருப்பவர்கள் முறைக்க மாட்டார்கள், பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார். நாலு வில்லும் இறங்கிய பிறகு தட்டுங்கள்.