சனிக்கிழமைக் கடலைமிட்டாய்

எண்பதுகளில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் தீப்பெட்டி ஆபீஸ் ஊருக்கு வெளியே மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் இருந்தது. வானம் பார்த்த பூமி. மழை ஏய்த்த வருஷம் பருத்தியும் கம்பும் கைவிட்டுவிடும். பெட்டி ஒட்டுகிற வேலை கைவிடாது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்த தொழில், அறுபது வருஷத்தில் எங்கள் திண்ணைவரை வந்து சேர்ந்திருந்தது.

பகலில் ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு வரும் அம்மா, ராத்திரி வேலைக்கு அட்டையும் தாளும் கொண்டுவருவாள். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. மைதா மாவைக் காய்ச்சிப் பசை கிண்டும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவாள். பூச்சி அரிக்காது. பசித்த பிள்ளைகளும் வாயில் வைக்க மாட்டோம்.

பக்கத்து வீட்டில் ரேடியோ இருந்தது. எங்கள் பக்கம் இலங்கை வானொலி அவ்வளவு துல்லியமாகக் கேட்கும். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ என்றால் எங்களுக்குப் பைத்தியம். ரேடியோ ஓய்ந்த பிறகு எங்கள் வீட்டில் அதே போட்டி தொடங்கும். எழுத்துக்குப் பாட்டு வராமல் திணறுகிறவர் பத்துப் பெட்டி கூடுதலாக ஒட்ட வேண்டும். களை எடுக்கும்போது பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத அம்மா, இந்தப் போட்டியில் மட்டும் தோற்றுக்கொண்டே இருப்பாள்.

அச்சுப் பிசகிய லேபிள்களை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். சிறுத்தையோடு மல்லுக்கட்டும் மனிதனுக்கு எங்களிடம் பெரும் கிராக்கி. மண்சுவரில் வரிசையாக ஒட்டி, யார் வீட்டுக்கு வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவோம்.

எல்லாவற்றுக்கும் மேலே சனிக்கிழமை. சம்பள நாள். கடலைமிட்டாய்க் கடையில் உடைந்த தூள்களைத் தனியாக அள்ளி மலிவாகக் கொடுப்பார்கள். அம்மா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் எல்லோரும் முகம் கழுவி, விளக்கைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் பங்கு போடுவார். பங்கு போட்டவர் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதனால் தராசு தோற்கும், அத்தனை சரியாக இருக்கும் பங்கு. நாக்கில் வைத்து வெல்லத்தை மட்டும் கரைத்துவிட்டுக் கடலையைக் கடைசிவரை காப்பாற்றுவது தம்பியின் வித்தை.

இன்று அந்தக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, 2020இல் கிடைத்தது. சென்னையில் போனைத் தட்டினால் வீட்டு வாசலுக்கு வருகிறது, ஒரு துண்டுகூட உடையாமல். 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாகிவிட்டது. பெட்டி ஒட்ட மெஷின் வந்துவிட்டது. வந்தது நல்லது.

சொந்தக்காரர் கல்யாணங்களில் இந்தப் பேச்சு வரும்போது, “இல்லாம இருந்தாலும் அந்தக் காலத்துல எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. இல்லாமை எங்களுக்குக் கொடுத்தது எது என்று எனக்குத் தெரியும்: எட்டாம் வகுப்போடு நின்றுபோன அக்காவின் படிப்பு, ஆறாத விரல் வெடிப்பு, தூக்கத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் சாய்ந்த தலை. சந்தோஷத்தைக் கொடுத்தது இல்லாமை அல்ல, அம்மா. நாள் முழுக்கக் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவள், அதற்குமேலும் மெனக்கெட்டு உண்டாக்கியது அது. அவளுக்குச் சேர வேண்டிய பெருமையை வறுமைக்குத் தூக்கிக் கொடுப்பது அநியாயம்.

போன பொங்கலுக்கு அம்மாவிடம் கேட்டேன், பாட்டுப் போட்டியில் எதற்காக வேண்டுமென்றே தோற்றாய் என்று.

“நீங்க மூணு பேரும் தூங்கி விழுந்துட்டா விடியுறதுக்குள்ள நான் ஒருத்தி எத்தனை குரோஸ் ஒட்ட முடியும்? ஜெயிச்சாத்தான உங்களுக்கு முழிப்பு வரும்” என்றாள்.