மாற்று ரைடர் இலக்கணம்

இந்தியத் தத்துவங்களை வகைபிரித்து இரண்டு கனத்த தொகுதிகள் எழுதிய சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் திருத்தணி. சாங்கியம், நியாயம், வைசேஷிகம், வேதாந்தம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கபடிக் களத்தின் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதாமல் போய்விட்டார். அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது என்க.

பாயிர மரபுப்படி முதலில் எல்லை கூறவேண்டும். இந்த ஊருக்கு அது சுலபமான காரியம் இல்லை. ம.பொ.சி. முதலானோர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. கோட்டைத் தாண்டிப் போய், தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் திரும்புவது இவ்வூர் மக்களுக்குப் பரம்பரைப் பழக்கம் என்று இதனால் பெறப்படும். கேட்போர்: பொங்கல் விடுமுறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் நின்று போட்டி பார்ப்போர். பயன்: கோப்பை, அது கிட்டாவிடில் ஆட்டுக்கிடா.

இனி நூல்.

ஏழுபேர் உள்ளே ஐவர் வெளியே
மூச்சுக் குறையுழி ஆள்மாற் றுவதே
மாற்றுப் பாடுநர் மரபென மொழிப.

இதன் பொருள்: களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர். பாடிப் போகிறவனுக்கு இளைக்கும்போது வேறொருவனை அனுப்புவது மாற்று ரைடர் முறை. இளைக்குமோவெனின், கணக்குப் பார்க்க. ஆட்டம் இருபது இருபது நிமிடமாக நாற்பது நிமிடம். ஒரு ரைடு முப்பது வினாடி. எல்லோரும் முழு நேரம் எடுத்தால் மொத்தம் எண்பது ரைடு, ஓர் அணிக்கு நாற்பது. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒருவனே போனால் இருபத்தாறு, இருபத்தேழு முறை ஏழு பேர் நடுவில் புகுந்து வரவேண்டும். திரும்பியதும் உட்காரவும் முடியாது. எதிரணி ரைடர் உள்ளே வந்துவிடுவான். சங்கிலியில் கைகோத்து நிற்கவேண்டும். முதல் பாதியில் ஓரத்தில் நிற்கும் கார்னர்காரன் தன் காலைப் பிடிக்கும் முன் உருவிக்கொண்டவன், முப்பத்தைந்தாம் நிமிடத்தில் அதே காலை அரை நொடி தாமதமாக இழுப்பான். கார்னருக்கு அந்த அரை நொடி போதும்.

திருத்தணியில் சுவாமி புறப்பாட்டில் தோள் கொடுப்பவர்கள் வழியில் ஆள் மாறிக்கொள்வார்கள். சுவாமி கீழே இறங்குவதில்லை. இவ்வளவு சாதாரண விஷயம் நம் கேப்டன்களுக்குக் களத்துக்குள் போனதும் மறந்துவிடுகிறது. "அவன்தான் ஸ்டாருங்க, அவனை எப்படி உட்கார வைக்கிறது?" என்பார்கள்.

உட்கார வைக்காவிட்டாலும் அவன் உட்காருவான். பிடிபட்டால் வெளியே போகவேண்டும் என்பது விதி. பழைய கபடியில் மூன்று மரபுகள் உண்டு. அவுட் ஆனாலும் களத்திலேயே நிற்பது அமர். போனவன் போனவன்தான் என்பது காமினி. தன் அணி எதிராளியை வீழ்த்தினால் வெளியே இருப்பவன் உயிர்பெற்று வருவது சஞ்சீவினி. இன்றைய ஆட்டம் மூன்றாவதன் வழிவந்தது. ஆகையால் வலிமையான அணி எதுவும் முதலில் செய்யும் வேலை, எதிரணியின் ஸ்டாரைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டு, அவன் திரும்பாதபடி பார்த்துக்கொள்வது. அந்த நேரத்தில் பாடிப் போக இன்னொருவன் இல்லாத அணியின் கதி ஆல் அவுட்; எதிராளிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி.

அடுத்து வகை. நன்னூலார் மாணாக்கரை முதல், இடை, கடை என மூன்றாக்கினார். நாம் அவ்வளவு கறாராக இருக்கவேண்டியதில்லை.

முதலாமவன் ஆற்றுவோன். உள்ளே போவான், தாண்டியே ஆகவேண்டிய பாக் லைனைத் தாண்டுவான், யாரையும் தொடாமல் திரும்புவான். கூட்டம் கூச்சலிடும். ஸ்டாருக்கு ஒரு நிமிட மூச்சை வாங்கித் தந்தவன் இவன் என்பதைக் கூட்டம் அறியாது. ஆனால் இவனை அளவோடு பயன்படுத்த வேண்டும். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால், இன்று புரோ கபடியில் மூன்றாவது டூ ஆர் டை. புள்ளி எடுக்கவேண்டும், இல்லையேல் அவுட்.

அந்த மூன்றாவது ரைடுக்கென்றே இருப்பவன் இரண்டாம் வகை. இவனைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். எதிரணி ஏழு பேருக்கும் இவன் சும்மா திரும்பமாட்டான் என்று தெரியும். கார்னர்கள் பின்வாங்கிக் காத்திருப்பார்கள். கவர்கள் டேஷ் அடிக்கத் தோளைத் தயாராக வைத்திருப்பார்கள். கடிகாரத்தில் முப்பது வினாடி. பெஞ்சில் பதினைந்து நிமிடம் குளிர்ந்து கிடந்த கால். இத்தனையையும் மீறி ஒரு விரல் நுனியால் ஒரு புள்ளி கொண்டுவரவேண்டும். கொண்டுவந்தால் அது ஒரு புள்ளிதான். கணக்கு நோட்டில் ஸ்டாரின் இருபது புள்ளிக்குக் கீழே சிறிதாக எழுதப்படும். ஸ்டார் போயிருந்தால் அவன் பிடிபட்டிருக்கலாம் என்பதை எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

மூன்றாமவன் எழுப்புவோன். ஸ்டார் வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே போய் ஒருவனைத் தொட்டுவந்து அவனை மீட்பவன். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எதிரணிக் களத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால் போனஸ் கோட்டை மிதித்துப் புள்ளி எடுக்கலாம். போனஸ் புள்ளியால் அவுட்டானவன் உள்ளே வரமாட்டான். இதை மறந்து, ஸ்டார் வெளியே தவிக்கும்போது போனஸ் போனஸாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறவன் எழுப்புவோன் ஆகான்; போலி எழுப்புவோன் எனப்படுவான்.

இடப்பக்கம் பாடுவோன், வலப்பக்கம் பாடுவோன் என்பதும் ஒரு பகுப்பு. ஒரே பக்கத்துக்காரனுடைய கால் வீச்சை இருபது நிமிடம் பார்த்துப் பழகிய கார்னருக்கு முன் திடீரென்று மறுபக்கத்துக்காரன் வந்தால், கற்ற பாடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். புது ஆள் புள்ளி எடுக்காவிட்டாலும் இந்தக் குழப்பம் ஆதாயம்.

கடைசி வகை, ஜெர்சி வாங்கித் தந்தவரின் மருமகன். இவனுக்கு இலக்கணம் இல்லை. புறனடையுள் கொள்க.

பூர்வபட்சம் கூறுவார் இங்கே எழுந்து, "2017 புரோ கபடியில் பர்தீப் நர்வால் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளி எடுத்து பாட்னா பைரேட்ஸுக்குக் கோப்பை வாங்கித் தரவில்லையா? இறுதிப் போட்டி நம் சென்னையில்தானே நடந்தது? ஒருவன் போதாதா?" என்று வினவுவர். போதாது என்பதே விடை. அதே சீசனில் பர்தீப்பின் நிழலில் ஏறத்தாழ 190 ரைடு புள்ளி எடுத்தவர் மோனு கோயத். அடுத்த ஏலத்தில் அவரை ஹரியானா ஸ்டீலர்ஸ் 1.51 கோடி ரூபாய்க்குக் கொண்டுபோனது. அந்த ஏலத்தின் உச்ச விலை அது. பர்தீப் பாட்னாவிலேயே இருந்தார். 2018இல் அவருடைய புள்ளி 233 ஆகக் குறைந்தது. மூன்று முறை தொடர்ந்து கோப்பை வென்றிருந்த பாட்னா பிளே ஆஃபுக்கே போகவில்லை. மோனு போனது மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இரண்டாம் ரைடரின் விலை என்ன என்று கேட்பவருக்கு 1.51 கோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

இவ்விதி கடல் கடந்தும் செல்லும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவாட்டர்பேக்கைப் பாய்ந்து கவிழ்க்க நாலு பேர் முன்வரிசையில் நிற்பார்கள். அவர்களைத் தடுக்கும் ஆட்கள் நூற்று முப்பது கிலோவுக்கு மேற்பட்ட மலைகள். ஒருவரோடு ஒருவர் ஒத்திசையவேண்டும் என்பதால் ஆட்டம் முழுக்கப் பெரும்பாலும் மாறுவதில்லை. பாய்பவர்களோ மாறிக்கொண்டே இருக்கலாம். 1950 முதல் அங்கே தொழில்முறை ஆட்டத்தில் ஆள் மாற்றத்துக்கு வரம்பு கிடையாது. 2022 சீசனில் பிலடெல்பியா ஈகிள்ஸ் குவாட்டர்பேக்குகளை 70 முறை கவிழ்த்தது. ஒருவர் இல்லை, நால்வர் ஆளுக்குப் பத்துக்கு மேல். அதே அணி 2018 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றபோது, கடைசி இரண்டு நிமிடச் சொச்சத்தில் எதிரணிக் குவாட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டவர் பிராண்டன் கிரஹாம். அந்த சீசன் முழுக்க முறைவைத்து ஆடிய முன்வரிசையில் ஒருவர் அவர்.

தமிழ் தலைவாஸ் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடி கொடுத்து வாங்கினார்கள். அதுவரை யாருக்கும் கிடைக்காத தொகை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, சீசன் முழுக்க அவர் வெளியே. "முடிஞ்சுது" என்று அன்றே பலர் எழுந்து போனார்கள். புதுப்பையன் நரேந்தர் 243 ரைடு புள்ளி எடுத்தார்; அஜிங்க்யா பவாரும் மற்றவர்களும் தோள் கொடுத்தார்கள்; தலைவாஸ் முதல்முறையாகப் பிளே ஆஃப் கண்டது. எலிமினேட்டரில் யுபி யோத்தாஸோடு 36-36 சமன். டை பிரேக்கர்.

டை பிரேக்கர் விதியை ஈண்டு கவனிக்க. அணிக்கு ஐந்து ரைடு. ஐந்தையும் ஐந்து வெவ்வேறு ஆட்கள் பாடவேண்டும். ஸ்டார் ஒருமுறைதான் போகலாம். மீதி நான்கும் நாம் மேலே வகைபிரித்தவர்கள் கையில். விதி எழுதியவர் இந்நூலை முன்பே மனத்தில் கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. தலைவாஸ் 6-4 என்று வென்றது. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று தோற்றது தனிக் கதை. அந்தப் புனேகாரர்களே அடுத்த சீசனில் அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத், ஆகாஷ் ஷிண்டே, பங்கஜ் மோஹிதே என்று மாற்றி மாற்றி அனுப்பி, 2024 மார்ச் 1இல் ஹரியானாவை 28-25 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். இறுதிப் போட்டியில் ஒரே ரைடில் நாலு புள்ளி அள்ளியவர் பங்கஜ் மோஹிதே.

போட்டி நடத்தும் திருத்தணி வட்டார அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிறந்த ரைடர், சிறந்த கேட்சர் என்று இரண்டு பரிசு வைக்கிறீர்கள். வருகிற பொங்கலுக்கு மூன்றாவதாக, டூ ஆர் டையில் அதிகம் தப்பி வந்தவனுக்கு ஒன்று வையுங்கள். பெரிய தொகை வேண்டாம், ஒரு சில்வர் குடம் போதும். மருமகனுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.